குறை வண்டி

தமிழிலே 'குறை' என்னுஞ் சொல் இரு பொருள்படும். குற்றம் என்பது ஒன்று. எஞ்சி நிற்பது, இன்னும் முடியாதது என்பது மற்றொன்று. 'அவரிடத்தே ஒரு குறையுங் காணேன்' என்னுமிடத்து முதற்பொருள். 'குறை வேலையை நாளைக்குப் பார்ப்போம்' என்னுமிடத்து இரண்டாம் பொருள். ஒரு சொல்லுக்குள் இவ்விரண்டும் ஒருங்கே குடியிருத்தலாற் போலும், முடியாத பொருளைக் கண்டவிடத்து அதனைக் குற்றமுள்ள பொருளென்றே எண்ணிவிடுகின்றோம். பாதியிலே நின்ற வீட்டைக் கண்டால், ஏன் நின்றது என்று கேட்கு முன்னரே, ஏதோ பிசகு என்று தீர்ப்புச் சொல்லி அப்பாற் போகின்றோம்.

முடியாமை வேறு, குற்றம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதற்கு அகராதி மாத்திரம் போதாது. சந்தைக்கும் போதல் வேண்டும். நான் இங்கு எடுத்துக்கொண்ட சந்தை பழைய மோட்டார் லொறிச் சந்தை. பண்டிதனுக்கும் லொறிக்கும் யாது தொடர்பு என்று வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருளல் வேண்டும். தொடர்பு போகப் போகப் புலப்படும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு வகை வாணிகம் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட சிறு லொறி ஒன்றை ஒருவர் வாங்குவார். அவ்வகை லொறியை அங்குள்ளார் பிக்கப் என்பர். வாங்கியவர் அதனைத் தம் மனத்துக்கேற்ப மாற்றியமைக்கத் தொடங்குவார். கூரையை அறுத்துத் தாழ்த்துவார். பழைய எஞ்சினைக் கழற்றி வலியதொன்றை வைப்பார். முன்சில்லுகளைத் தாங்கும் பகுதியையே அகற்றி வேறு காரின் பகுதியைப் பொருத்துவார். ஒருநாள் வேலை நின்றுவிடும். கைப்பணம் முடிந்திருக்கும், அல்லது வீட்டிலே குழந்தை பிறந்திருக்கும், அல்லது நோய் வந்திருக்கும். வண்டி கராஜின் மூலையிலே பத்தாண்டு கிடக்கும். பின்னர் ஒருநாள், '90 வீதம் முடிந்தது. வாங்குபவர் சிறிது வேலை செய்தாற் போதும்' என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வரும்.

இத்தகைய குறை வண்டியை வாங்குவது தக்கதோ தகாததோ என்பதே வினா.

லொறி குறையாகவே பிறந்தது

வினாவுக்கு விடை காண்பதற்கு முன், லொறியின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். போர்ட் கொம்பனியார் 1908 முதல் 1927 வரை செய்த மொடல் ரீ என்னுங் கார் ஒரு கோடியே ஐம்பது இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்டது. அதன் வழியாக 1917இல் மொடல் ரீரீ என்னும் ஒரு தொன் லொறி வெளிவந்தது. தொடக்கத்தில் அதனை அடிச்சட்டமும் எஞ்சினுமாகவே விற்றனர். மேற்கூட்டினை வாங்கியவரே தம் ஊர்த் தச்சரைக் கொண்டோ, கூடு கட்டும் வேறு தொழிலாளரைக் கொண்டோ செய்வித்துக்கொண்டார். பால் விற்பவர் தமக்கேற்ற பெட்டி கட்டினார். கமக்காரர் தமக்கேற்ற தட்டுக் கட்டினார். பின்புறத்தே சாமான் தட்டுப் பொருத்திய பிக்கப்பைத் தம் தொழிற்சாலையிலேயே செய்து 281 டொலருக்கு அக்கொம்பனியார் விற்கத் தொடங்கியது 1925இலேதான். ஆகவே, லொறி என்பது முடிவு பெறாத பொருளாகவே பிறந்தது. அதனை முடித்தவர் வாங்கியவர்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. யாழ்ப்பாணத்துத் தட்டிவானைக் கண்டார் இதனை எளிதில் உணர்வர். கப்பலில் வந்தவை அடிச்சட்டமும் எஞ்சினும். மரக்கூடு நம்மூர்த் தச்சர் செய்தது. வாங்குகளில் மனிதர் இருந்தனர். பின்புறத் தட்டியிலே வாழைக்குலையும் தேங்காயும் மீன்கூடையும் இருந்தன. அந்தத் தட்டியே வண்டிக்குப் பெயருந் தந்தது. கொடிகாமம் - பருத்தித்துறை வீதியிலே அவ்வண்டி நெடுங்காலம் ஓடியது. எஞ்சின் செய்த அயல்நாட்டுப் பொறியியலாளர், தம் எஞ்சின் வாழைக்குலைக்கும் வழிகாட்டுமென்று கனவிலுங் கருதியிரார். அயலார் செய்த அடியின்மேல் நம்மவர் செய்த முடி அது.

பிற்காலத்தே இதனினும் அரியதொன்று நடந்தது. 1990ஆம் ஆண்டின் பின் வடக்கே எரிபொருளுக்குத் தடை வந்தபொழுது, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களை நம் மெக்கானிக்மார் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை கண்ணைக் கரித்தது. ஆயினும் நோயாளர் ஆசுபத்திரிக்குப் போயினர். கொம்பனியார் செய்தபடியே வண்டியை வைத்திருத்தல் வேண்டுமென்று அன்று எவரேனும் வாதித்திருப்பின், அவரை வீதியிலே விட்டுவிட்டு வண்டி போயிருக்கும். வண்டியை மாற்றியமைத்தல் தன்னளவிற் பாவமன்று என்பதற்கு நம்மூரே சான்று.

அமெரிக்காவிலே மாற்றியமைத்தல் வேறு காரணத்தாற் பெருகியது. அங்கே வேட்கை வேகத்தின்மேல் இருந்தது. யுத்தத்துக்கு முன்னரே கலிபோர்ணியா இளைஞர் பழைய கார்களை மலிவாக வாங்கி, பாரத்தைக் குறைத்து, வறண்ட ஏரிகளின் தரையிலே ஓட்டிப் பார்த்தனர். யுத்தம் முடிந்த பின் அவ்வேட்கை நாடெங்கும் பரந்தது. 1948 சனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஹொட் றொட் என்னுஞ் சஞ்சிகை இதற்கென்றே தோன்றியது. 1955இல் செவ்ரோலே கொம்பனியார் 265 கன அங்குல வீ-8 எஞ்சினை வெளியிட்டனர். அளவிற் சிறியது, பாரத்திற் குறைந்தது, வலுவிற் பெரியது. அதுவும் அதன் வழிவந்த எஞ்சின்களும் பின்னர் எந்தக் கொம்பனி வண்டியின் முகத்துள்ளும் புகுந்துவிட்டன. செவ்ரோலேயார் 1947இன் நடுவிலும், போர்ட்டார் 1948ஆம் ஆண்டின் வண்டியாகவும் புதுக்கி வெளியிட்ட உருண்டை முகச் சிறு லொறிகளே இன்று இவ்வகை மாற்றத்துக்கு மிக உள்ளாகின்றன.

ஒரு மாணவரின் வினா

கனடாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கொரு கடிதம் எழுதினார். அவர் தந்தையார் நம்மூரிலே லொறிச் சாரதி. தந்தையாரின் மடியிலிருந்து சுக்கான் பிடித்த நினைவு மகனை விடவில்லை. பதினொரு ஆண்டு சிறுகச் சேர்த்த பணம் கையில் உண்டு. 1951ஆம் ஆண்டின் மேர்க்குரி எம்-1 லொறியொன்று விற்பனைக்கு வந்திருக்கின்றது என்றும், பணம் முழுவதும் அதற்கே போய்விடுமென்றும் எழுதிப் படங்களும் அனுப்பியிருந்தார்.

மேர்க்குரி லொறி கனடாவுக்கே உரியது. போர்ட் கொம்பனியார் அந்நாட்டிலே 1946 முதல் 1968 வரை அப்பெயரால் லொறிகளை விற்றனர். சிற்றூர்களில் இருந்த கடைகளுட் சில போர்ட் கார் விற்பன. சில மேர்க்குரி கார் விற்பன. இரண்டும் ஓரூரில் இருப்பது அரிது. மேர்க்குரி விற்கும் கடைக்காரருக்கும் லொறி வேண்டுமன்றோ? அதற்காக ஒரே லொறி இரு பெயரால் வந்தது. முகப்பும் பெயர்த்தகடும் வேறு. உடம்பு பெரும்பாலும் ஒன்று.

என் மாணவர் கண்ட வண்டியிலே பெயர் மேர்க்குரி, எஞ்சின் செவ்ரோலே. முன்சில்லுத் தாங்கி 1974 முதல் 1978 வரை விற்ற மஸ்ராங் 2 என்னுங் காரின் வகையைச் சேர்ந்தது. ஆறு வோல்ற்று மின்னமைப்பை நீக்கிப் பன்னிரண்டு வோல்ற்றுக்கு மாற்றத் தொடங்கி, அதுவும் பாதியில் நிற்கின்றது. சாரதி அறைக்குள் வயர்கள் சடைபோலத் தொங்கின. சாம்பல்நிற அடிப்பூச்சு மாத்திரம் பூசியிருந்தது. விளம்பரம், '90 வீதம் முடிந்தது' என்றது.

'வாங்கலாமோ ஐயா? மூவரிடம் கேட்டேன், மூவரும் மூன்று விதமாகச் சொல்கின்றனர். பாடபேதங்களை வைத்துக்கொண்டு எது கொள்ளத்தக்கது என்று தீர்ப்புச் சொல்லக் கற்பித்தவர் தாங்கள். அதனால் தங்களிடமே வருகின்றேன்' என்பது கடிதத்தின் முடிவு. லொறிக்கும் பண்டிதனுக்கும் தொடர்பு வந்த வழி இதுவே.

மூன்று கட்சிகள்

முதற்கட்சியார் பழமை பேணுவோர். '1951இல் எவ்வாறு தொழிற்சாலை வாயிலைக் கடந்ததோ அவ்வாறே இருத்தல் வேண்டும். சட்டத்தை அறுத்தவன் சரித்திரத்தை அறுத்தான். அறுத்ததை மீட்டும் ஒட்டலாம், அறுபடாததாக்க முடியாது. போர்ட் லொறி பல உண்டு. மேர்க்குரியோ சில. சிலவற்றுள் ஒன்றை அழித்துவிட்டு, அழிவுக்கு விலையுங் கேட்கின்றான்' என்பது அவர் வாதம்.

இரண்டாங் கட்சியார் மாற்றியமைப்போர். 'லொறி ஏடன்று, கருவி. பழைய ஆறு வோல்ற்று விளக்கும் பழைய பிறேக்கும் இன்றைய பெருந்தெருவுக்கு ஆகா. மாற்றமே அவ்வண்டியை வாழவைக்கும். மாற்றாது விட்டிருந்தால் வயலோரத்திற் கறளாய்ப் போயிருக்கும். மேலும் குறை வண்டி நல்லது. மீதியை வாங்குபவன் தன் விருப்பப்படி முடிக்கலாம்' என்பது அவர் வாதம்.

மூன்றாங் கட்சியார் வணிகர். அவருக்குப் பழமையுமில்லை, புதுமையுமில்லை, கணக்கே உண்டு. 'கழற்றுதல் இரண்டு நாள் வேலை. பூட்டுதல் இரண்டு வருட வேலை. எஞ்சினும் சில்லும் வைத்தவுடன் பெருவேலை முடிந்ததென்று கருதுகின்றனர். வயரிங், கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிய இறப்பர், இருக்கை, கதவின் பொருத்தம், நிறப்பூச்சு, பளபளக்கும் முலாம் ஆகிய இவையே பணத்தை விழுங்குவன. 90 வீதம் முடிந்தது என்பதன் பொருள், செலவு மிக்க வேலையெல்லாம் எஞ்சியிருக்கின்றது என்பதே. முடிந்த வண்டியொன்றைக் கூடிய விலைக்கு வாங்கு. ஈற்றில் அதுவே மலிவு' என்பது அவர் வாதம்.

மூன்றிலும் உண்மை உண்டு. வணிகர் கூற்றை மறுத்தல் அரிது. ஆயின் அது விலையைப் பற்றிய உண்மையே. தன் கையால் ஒன்றை முடித்துப் பார்க்க வேண்டுமென்ற விருப்பத்துக்கு அக்கணக்கிலே இடமில்லை. மாற்றியமைப்போர் கூற்றுக்கு மண்ணெண்ணெய்க் கார் துணைநிற்கும். ஆயின் தேவைக்காக மாற்றுவதும் ஆசைக்காக மாற்றுவதும் ஒன்றாகா. மண்ணெண்ணெய்க்கு மாறிய கார் பெற்றோல் கிடைத்த நாளிலே பழையபடி பெற்றோலுக்குத் திரும்பியது. அறுத்துத் தாழ்த்திய கூரை அவ்வாறு திரும்பாது. பழமை பேணுவோர் கூற்று என் போன்றாருக்கு இனியது. ஆயின் அறுத்தாயிற்று, அறுத்தவரை வைதலால் வண்டிக்கு வரும் பயன் யாது? எஞ்சியிருப்பதை என் செய்வது என்பதே வாங்குபவன் முன்னுள்ள கேள்வி.

ஏடும் வண்டியும்

இங்கேதான் ஏட்டுக்கல்வி கைகொடுக்கின்றது. பழந்தமிழ் நூல்கள் பல நமக்குக் குறையாகவே கிடைத்தன. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டார். நானூறு பாட்டுள் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்திருந்தன. 1904இல் அவர் வெளியிட்ட பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பத்தில் எட்டே உண்டு. 80 வீதம் என்க. ஐயர் செய்யுள் செய்ய அறியாதவரல்லர். இரண்டு பாட்டை இயற்றி இடத்தை நிரப்பியிருப்பின், அக்காலத்தே கண்டுபிடிப்பார் சிலரே. அவர் அது செய்திலர். கிடையாததைக் கிடையாதென்றே விட்டார். சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினார். அப்புள்ளிகளே அப்பதிப்பின்மேல் நாம் வைக்கும் நம்பிக்கைக்கு ஆதாரம். இல்லாததை இல்லையென்றவர், உண்டென்றதை நாம் ஐயுறாது கொள்கின்றோம்.

பிறர் குறையாக விட்டதை முடித்தலும் நூலுலகில் உண்டு. வடமொழியிலே பாணர் காதம்பரியை முடிக்காமலே இறந்தார். அவர் மகன் அதனை முடித்தான். முடித்தவன் தன் பகுதி எங்கே தொடங்குகின்றது என்பதை மறைக்கவில்லை. தந்தை விட்ட குறையைத் தான் முடிப்பதாகத் தன் பகுதியின் முகப்பிலேயே சொல்லிவைத்தான். அதனால் இன்றும் தந்தையைத் தந்தையாகவும் மகனை மகனாகவும் படிக்கின்றோம்.

மாறாக, இடைச்செருகல் என்பதொன்று உண்டு. பிற்காலத்தான் ஒருவன் தன் பாட்டைப் பழம் புலவன் பாட்டோடு கலந்து, எல்லை தெரியாதபடி எழுதிவைத்துப் போவான். பாட்டு நன்றாகவே இருக்கலாம். ஆயினும் அதனால் நூல் முழுவதன்மேலும் ஐயம் படர்கின்றது. எது அவன், எது இவன் என்று தெரியாதவிடத்து நல்ல பாட்டும் சாட்சியிழந்து நிற்கும்.

வண்டிக்கும் இதுவே விதி. குறை குற்றமன்று, மறைவே குற்றம். தகட்டிலே கறள் தின்ற ஓட்டை இருக்கின்றது என்றால் அது குறை. அந்த ஓட்டையின்மேல் புட்டி அப்பி, தேய்த்து, சாம்பல்நிறம் பூசிவிட்டால் அது இடைச்செருகல். பழைய அடிச்சட்டத்திலே வேறு காரின் தாங்கியைப் பொருத்தினேன் என்று சொல்லி, பொருத்திய இடத்தைக் காட்டினால் அது காதம்பரி. வெல்டிங் கோட்டைத் தேய்த்து மறைத்து, என்றும் இப்படியே இருந்ததென்று காட்டினால் அது பொய். ஏட்டிலே பொய் புகுந்தால் அறிவுக்குக் கேடு. அடிச்சட்டத்திலே பொய் புகுந்தால், பிறேக் மிதித்த கணத்தில் உயிருக்கே கேடு.

பார்க்க வேண்டியவை

இந்த விதியைக் கொண்டு என் மாணவருக்கு எழுதியதை வாசகர்க்கும் சொல்லுதல் நன்று. விவரங்களை அத்தொழில் அறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே எழுதினேன்.

சிறு காந்தமொன்றைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்க. இரும்புத் தகட்டில் அது பற்றும். புட்டி தடித்த இடத்தில் நழுவும். சாரதி அறையின் பின்மூலைகள், கதவின் கீழ்விளிம்பு, காலடித் தகடு, கதவுக்கு முன்னுள்ள கீழ்ப்பகுதி ஆகிய இவை நீர் தேங்கிக் கறள் பிடிக்கும் இடங்கள். காந்தம் அங்கே சொல்வதைக் கேட்க. விளம்பரம் சொல்வதைப் பின்னர்க் கேட்கலாம்.

வண்டியின் அடியிலே படுத்துப் பார்க்க. நல்ல வெல்டிங் ஒழுங்காக அடுக்கிய மீன்செதிள் போலிருக்கும். கட்டி கட்டியாய் உருண்டு கிடப்பது பயிலாக் கையின் வேலை. முன்தாங்கியை ஒட்டியவர் யாரென்று கேட்க. இருபுறமும் அளந்து பார்க்க. இடமும் வலமும் ஒவ்வாவிடின், எத்தனை அழகிய எஞ்சின் இருந்தும் பயனில்லை.

அடிச்சட்டத்தில் அடித்த இலக்கத்தையும் உரிமைப் பத்திரத்திலுள்ள இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. பழைய கூட்டை மிகப் பிந்திய லொறியொன்றின் அடிச்சட்டத்தில் ஏற்றிவைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. கூடு ஓராண்டினது; கால் வேறோராண்டினது. அவ்வண்டியின் வயது யாது என்று அரசாங்க உத்தியோகத்தர் கேட்டால் விடை சொல்ல வேண்டியவர் வாங்கியவரே.

கழற்றிய உறுப்புகள் எங்கே என்று கேட்க. போர்ட்டுக்கும் மேர்க்குரிக்கும் பொதுவான தகடுகளைப் புதிதாகச் செய்து விற்பாருளர். மேர்க்குரிக்கே உரிய முகப்பும் எழுத்துத் தகடும் அவ்வாறு எளிதிற் கிடையா. அவை ஒரு பெட்டிக்குள் இருக்குமாயின், அப்பெட்டி செவ்ரோலே எஞ்சினிலும் பெறுமதி உடையது. பழைய எஞ்சின் கொட்டிலிலே கிடக்குமாயின், அதனையுஞ் சேர்த்து வாங்குக.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: வேலை செய்தவர் எழுதிவைத்த கொப்பி ஏதேனும் உண்டோ என்று கேட்க. எந்த வயர் எங்கே போகின்றது, எந்த ஆணி எந்த ரின்னில் இருக்கின்றது, பிறேக் எந்தக் காரிலிருந்து வந்தது என்ற குறிப்பு நாலு பக்கமேனும் இருந்தால் அது குறை வண்டி. ஒன்றுமில்லையாயின் அது வெறும் இரும்புக் குவியல். குவியலுக்குரிய விலையே கொடுக்கத்தக்கது.

விடை

மாணவர் இவ்வினாக்களை விற்பவருக்கு அனுப்பினார். இரண்டு கிழமையாக மறுமொழி இல்லை. பின்னர் வந்த மறுமொழி சிறியது. வண்டியிலே வேலை செய்தவர் விற்பவரல்லர், அவர் தந்தையார். எட்டு ஆண்டு ஞாயிறுதோறும் கராஜில் நின்று வேலை செய்தவர், ஒரு மாரிகாலத்தில் இறந்துபோனார். 'எந்த வயர் எங்கே போகின்றது என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. 90 வீதம் என்பதும் அப்பா சொல்லிக்கொண்டிருந்த சொல். நான் அதையே எழுதினேன்' என்பது அவர் மறுமொழி.

அதனை வாசித்தபொழுது, விளம்பரக்காரர்மேல் எனக்கிருந்த சினம் ஆறிவிட்டது. குறை வண்டிகளுட் பல இத்தகையனவே போலும். விற்பவர் வஞ்சகரென்று நாம் எண்ணுகின்றோம். பலவிடத்து அவர் ஏமாற்றவில்லை, அறியாமலே நிற்கின்றார். அறிந்தவர் ஒருவர் இருந்தார், அவர் எழுதிவைக்கவில்லை. அந்த எழுதாமையின் நட்டத்தை விற்பவரும் வாங்குபவரும் இரு பங்காகச் சுமக்கின்றனர்.

தெரியாததைத் தெரியாதென்று சொன்ன பின் பேரம் எளிதாயிற்று. தெரியாதவற்றுக்கெல்லாம் விலையிற் கழிவு கொடுத்தார். கொட்டிலைத் தேடியபொழுது பழைய எஞ்சின் கிடைத்தது. முகப்பிலே பாதி கிடைத்தது. கொப்பி கிடைக்கவில்லை. என் மாணவர் வண்டியை வாங்கினார். சேமித்த பணத்தில் மூன்றிலொரு பங்கு கையில் மிஞ்சியது. வயரிங்குக்கும் கண்ணாடிக்கும் அது வேண்டியிருக்கும். அவருக்கு நான் எழுதியது ஒன்றே: 'தம்பி, முதலில் ஒரு கொப்பி வாங்கும். உமக்கு முன் செய்தவர் எதுவரை செய்தார் என்று பார்த்தறிந்ததை முதலிலே எழுதும். அதன்கீழ் ஒரு கோடிட்டு, உம்முடைய வேலையைத் தொடங்கும்.'

வண்டி முடியுமோ முடியாதோ, யான் அறியேன். முடியாமல் அவரும் ஒருநாள் அதனை விற்க நேரலாம். அன்று வாங்குபவருக்கு அந்தக் கொப்பி போய்ச்சேரும்.

இதனைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் லொறி வாங்கப் போவதில்லை. ஆயினும் நம் வீடுகளிலே குறை வண்டிகள் இல்லாமலில்லை. பாதியில் நின்ற ஊர்ச் சரித்திரம், அகராதிக்கென்று சேர்த்த கடுதாசித் துண்டுகள், உரை எழுதத் தொடங்கிப் பத்தாஞ் செய்யுளில் நின்ற கைப்பிரதி எனப் பல அலுமாரிகளில் உறங்குகின்றன. எழுதியவர் போன பின், பிள்ளைகள் அவற்றைப் புரட்டிப் பார்த்து, எது முடிந்தது, எது முடியாதது, எது பிறர் நூலிலிருந்து எடுத்தெழுதியது என்று அறியாமல் பழைய கடுதாசி வாங்குபவனிடம் நிறுத்துக் கொடுத்துவிடுகின்றனர். அவர்களையுங் குறைசொல்லுதல் தகாது. 'அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது' என்றே அவர்களுஞ் சொல்வர்.

எடுத்த வேலையை முடிக்கும் ஆயுள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எதுவரை செய்தோம், எதை எங்கிருந்து எடுத்தோம், எது எஞ்சியிருக்கின்றது என்று நாலு பக்கம் எழுதி அக்கட்டின்மேல் வைத்துக் கட்ட ஒரு மாலைப்பொழுது போதும்.